தாய்மாமன் வாங்கிய ஹெலிகாப்டர்

"ஹெலிகாப்டர் ஒண்ணு வாங்கலாம்னு கீறேன்" என்று எல்லப்பன் சொன்னதும், அவன் பெண்டாட்டி ஜெயம்மாவின் கையிலிருந்த அகப்பை குழம்புச் சட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"இன்னா வாங்கப் போற?"

"ஹெலிகாப்டர்மே. ரிமோட்ல பறக்கிறது. பொம்மதான், ஆனா நெசமாவே பறக்கும்."

"குடிச்சிட்டு வந்துகீறியா?"

"சத்தியமா இல்ல. வாய ஊதிக் காட்டட்டா?"

ஊதியும் காட்டினான். ஜெயம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் பயமே வந்தது. குடித்துவிட்டு உளறினால் விடிந்ததும் தெளிந்துவிடும். புத்தி தெளிவாக இருக்கும்போது ஒரு ஆள் ஹெலிகாப்டர் வாங்குகிறேன் என்றால் அதற்கு என்ன வைத்தியம்? அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டிக்குள் அகப்பை முழுகிப்போனதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்கால்வாய் ஓரத்துக் காலனியில் இருக்கிறவன் எல்லப்பன். சொந்த நிலம் என்று ஒரு முழம் கிடையாது. அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவான். மற்ற நாளில் கிடைத்த வேலை. முதுகு பலகை மாதிரி இருக்கும். அடுக்கின் உச்சியில் மூட்டை சரிந்தால், கீழே நிற்கிறவர்கள் நசுங்காமல் அதை அப்படியே இறுக்கிப் பிடித்து மேலே தள்ளி நிறுத்துகிற தைரியம் அவனுக்கு மட்டும்தான் உண்டு என்று கூட இருக்கிறவர்களே சொல்வார்கள். அவனுக்கும் ஜெயம்மாவுக்கும் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, வேண்டாத சாமி இல்லை. இப்போது அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார்கள்.

அவனுக்கு இருக்கிற ஒரே உயிர், தங்கச்சி திலகாவின் மகள் அனுஷா. ஐந்து வயது. திலகாவைப் பெருநகர் என்ற ஊரில் கோபாலுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான். அந்த அனுஷாவுக்குத்தான் தை மாதத்தில் காது குத்து வைத்திருந்தார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், காதில் போடுகிற கம்மலும் தாய்மாமன் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறவும் மாட்டார்கள். எல்லப்பன் வாழ்க்கையில் அவன் மடி கேட்டு ஒரு சபை கூடுவது அந்த ஒரு நாள்தான்.

அதிலும் மண் விழப் பார்த்தது. கோபாலின் அம்மா சிட்டம்மாளுக்கு மனசில் ஒரு கரகரப்பு. முதல் பேத்தி. பிள்ளை இல்லாதவன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதா? திலகாவுக்குச் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறானே, செந்தமிழன், ஒரகடத்தில் கம்பெனி வேலை, வீட்டில் சிங்கக்குட்டி மாதிரி இரண்டு பையன்கள். அவனும் மாமன் முறைதானே. சிட்டம்மாள் இதை எல்லப்பன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொந்தக்காரர்களின் வாய் எதற்கு இருக்கிறது? ஒரு வாரத்துக்குள் பேச்சு உத்திரமேரூர் வந்து சேர்ந்தது.

கேட்டவன் உறைந்துபோனான். பிள்ளை இல்லை என்ற பேச்சை அவன் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறான். ஆனால் தன் மடியே தீட்டுப்பட்ட மாதிரி ஒருத்தர் ஒதுக்குவார் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. அன்று அவன் தூக்கிய மூட்டை ஒவ்வொன்றும் கனத்தது.

இதற்குள் ஹெலிகாப்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதற்கும் அவன் வாய்தான் காரணம். ஒரு தேர்தல் சமயத்தில் எந்தக் கட்சிக்காரரோ ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறார் என்று மைதானத்தைச் சரிசெய்யக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, சுண்ணாம்புத் தூளில் பெரிய வட்டம் போட்டு, நடுவில் எழுத்துப் போட்டது எல்லப்பன். இறங்குகிற நேரத்தில் அவனைச் சவுக்குக் கட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள், அது வேறு கதை. அனுஷாவிடம் அவன் அதைச் சொல்கிறபோது அந்தத் தள்ளல் வராது. "மாமன் கோடு போட்டாதான் கண்ணு அது எறங்கும்" என்பான். பிள்ளை நம்பிவிட்டது.

காது குத்துக்குப் பயந்து பிள்ளை ஒரு வாரமாக அழுகிறது என்று திலகா போன் போட்டாள். அனுஷாவே போனைப் பிடுங்கி, "மாமா, எனக்கு வலிக்கும், நான் ஒக்கார மாட்டேன்" என்று விசும்பினாள்.

"அழுவாத கண்ணு. உன் கம்மல் ஹெலிகாப்டர்ல வரும். மாமன் கொண்டாறேன்."

வாயில் வந்ததைச் சொன்னான். விசும்பல் நின்றது. "நெசமாவா?" என்ற குரல் வந்தது. மறுநாளைக்குள் பெருநகரில் அந்தத் தெரு முழுக்க, "எங்க மாமா ஹெலிகாப்டர்ல வராரு" என்று பிள்ளை தம்பட்டம் அடித்துவிட்டது.

முதலில் எல்லப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசிக்க யோசிக்கத்தான் அதிலேயே வழி இருப்பதாகப் பட்டது. செந்தமிழன் வரிசைத் தட்டு எத்தனை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வரட்டும். ஆகாயத்திலிருந்து கம்மல் இறக்கிய மாமனைப் பார்த்து எவள் பேசுவாள்? சிட்டம்மாள் வாயைத் திறக்க முடியாது. மடி தானாக அவனுக்கு வந்துவிடும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அன்று சாயந்திரம் பெண்டாட்டியின் அகப்பையைக் குழம்பில் விழவைத்தான்.

ஜெயம்மா முழுதும் கேட்டாள். அவளுக்கும் அந்த மடிப் பேச்சு நெஞ்சில் தைத்துத்தான் இருந்தது. "கம்மல் வாங்கிக்கினு மீதி இன்னா கீதோ அதுக்குள்ள வாங்கு. அதுக்கு மேல ஒரு பைசா கேட்ட, நானே உன்ன ஏரில தள்ளிட்டு வந்துருவேன்" என்று உத்தரவு கொடுத்தாள்.

கம்மல் வாங்கினார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு கிராம் தேறும், பூப்போட்டது. மீதிப் பணத்தை உள்பையில் வைத்துக்கொண்டு எல்லப்பன் காஞ்சிபுரம் பஸ் ஏறினான்.

கடை ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கண்ணாடி அலமாரி முழுக்கக் கார், படகு, விமானம். கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் சோபியா. கடை அவளுடையதுதான். முதலில் எல்லப்பன் கை போனது நடு அலமாரியில் இருந்த பெரிய ஹெலிகாப்டருக்கு. விலைச்சீட்டைப் பார்த்தான். புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடினான். புள்ளியே இல்லை.

"அம்மாடி! இந்த வெலைக்கு ஒரு பழைய பைக்கே வாங்கலாமே!"

"அது கத்துக்கினவங்களுக்குண்ணா. இறக்க பட்டா வெரலே போயிடும். உங்களுக்கு எதுக்கு வேணும், அதச் சொல்லுங்க மொதல்ல."

சொன்னான். மடிப் பேச்சை விட்டுவிட்டுக் கம்மலை மட்டும் சொன்னான். சோபியா சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் வைத்தாள். இந்தச் சின்னது ரொம்ப மலிவு, ஆனால் டிவி ரிமோட் மாதிரி வெளிச்சத்தில் வேலை செய்வது, வெயிலுக்கு வந்தால் சொன்ன பேச்சு கேட்காது. இது மேலே கீழே இரண்டு அடுக்கு இறக்கை வைத்தது, கூடத்துக்குள் சாது மாதிரி நிற்கும், வெளியே காற்று அடித்தால் பட்டம் மாதிரி போய்விடும். இந்த மூன்றாவது ஒற்றை இறக்கை, உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் காற்று தாங்கும், புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஏற்றது. பேட்டரி ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் வரும்.

"ஆனா உங்க வேலைக்கு ட்ரோன்தாண்ணா சரி. இதே வெலதான். பாரமும் தூக்கும், ஆடாமயும் நிக்கும்."

"அது கட்டில கவுத்துப் போட்டாப்ல கீதும்மா. கண்ணாலத்துக்குக் கண்ணாலம் அதத்தான் பறக்க வுடுறானுங்க. எம் புள்ள ஹெலிகாப்டர்னு சொல்லிக்கினு கீது."

சோபியா பெருமூச்சு விட்டு மூன்றாவதையே பெட்டியில் போட்டாள். எல்லப்பன் கொண்டுவந்ததைவிட அது கொஞ்சம் கூட. அவன் முகத்தைப் பார்த்துக் குறைத்துக்கொண்டாள். ஆனால் புத்திமதியில் அவள் ஒன்றையும் குறைக்கவில்லை.

"நல்லாக் கேளுங்கண்ணா. இதுல எதுவும் கட்டித் தூக்காதீங்க. கட்டியே ஆகணும்னா பூ மாதிரி லேசா இருக்கணும். இறக்கையில எதுவும் ஒட்டக் கூடாது, ஒரு பக்கம் கொஞ்சம் கனம் ஏறினாலும் ஒடம்பெல்லாம் உதறும். பயம் வந்தா ரிமோட்டுல இருந்து வெரல எடுத்துடுங்க. அது அங்கயே நிக்கப் பாக்கும். வெரல எடுத்துடணும், புரியுதா?"

எல்லப்பன் தலையை ஆட்டினான். ஆண்பிள்ளைகள் கடையில் ஆட்டுகிற அந்த ஆட்டு இருக்கிறதே, அதற்கு அர்த்தம் "எல்லாம் எனக்குத் தெரியும்" என்பதுதான். அவள் சொன்னதில் பாதி படியிறங்கும்போதே உதிர்ந்துவிட்டது.

கொள்முதல் நிலையத்துக் களத்தில் வேலை இல்லாத காலையில் பழகினான். முதல் தடவை குச்சியைத் தொட்டதும் அது விருட்டென்று எழும்பி அவன் நெற்றியிலேயே வந்து மோதியது. ஆறடி ஆள் ஐயோ என்று கத்திக்கொண்டு நெல் குவியலில் சாய்ந்தான். வேடிக்கை பார்த்த மூட்டைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "எல்லப்பா, உன்ன ஏத்திக்கினு போவப் பாக்குதுடா!" என்று கேலி பண்ணினார்கள். ஆனாலும் விடவில்லை. நாள் போகப்போக எழுப்பவும், நிறுத்தவும், முன்னால் ஓட்டி ஒரு கோணிச் சாக்கு மேல் இறக்கவும் வந்துவிட்டது. இரண்டு சட்டைப் பொத்தானைத் துணியில் முடிந்து தொங்கவிட்டுப் பார்த்தான். திணறிக்கொண்டு தூக்கியது. ஜெயம்மாவைக் கூட்டிவந்து காட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஐய, நெசமாவே பறக்குதுய்யா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

காது குத்து பெருநகர் ஏரிக்கரையில் எல்லையம்மன் கோயிலில். மழை நன்றாகப் பெய்த வருஷம். ஏரி கரை தொட்டுத் தளும்பிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் பந்தல், பாய், மைக் செட். காது குத்துகிற பத்தர் ஊசியும் கம்பியும் எடுத்து வைத்துக்கொண்டு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டையடித்துச் சந்தனம் பூசி, பட்டுப்பாவாடையில் அனுஷா நின்றிருந்தாள். செந்தமிழன் வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியில், வரிசைத் தட்டுகளோடு முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான்.

எல்லப்பன் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பாவாடை சட்டை, நடுவில் ஹெலிகாப்டர். சிவப்பு நிறம். அதைப் பார்த்ததும் பந்தலே எழுந்து வந்துவிட்டது. "மாமா!" என்று அனுஷா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் நடக்காதது நடந்தது. சிட்டம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வந்து, ஹெலிகாப்டரை உற்றுப் பார்த்தாள். பேத்தியின் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏன் நைனா எல்லப்பா, நீயா ஓட்டுவ இத?"

நைனா! திலகாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் அவனை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தாப்பா" என்பதோடு சரி. எல்லப்பன் தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான்.

"ஆமாத்தே."

"புது வண்டி. பூச போட்டியா?"

"இல்லீங்கத்தே, இதுக்கு..."

"நல்லாக்கீதே! சாமி மின்னாடி புது வண்டிய வெறுமனே எடுப்பாங்களா? கொண்டா அத."

இந்த ஊரில் சைக்கிள் வாங்கினாலும் பூசை, நெல் அறுக்கிற மிஷின் வந்தாலும் பூசை. அவள் சொன்னதில் தப்பில்லை. தட்டோடு வாங்கி அம்மன் முன்னால் வைத்தாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கினாள். கற்பூரம் சுற்றினாள். பிறகு, கிண்ணத்திலிருந்த குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் வழித்து இறக்கையில் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். ஒரு பக்கத்து இறக்கையில் தாராளமாக. அடுத்ததற்கு வருவதற்குள் சந்தனம் தீர்ந்துபோனது, மிச்சத்தைத் தடவிவிட்டாள்.

சோபியா சொன்னது எல்லப்பனுக்கு அந்த நிமிஷம் பளிச்சென்று ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தான். சந்தன விரலோடு சிட்டம்மாள் நிமிர்ந்து, "நல்லா இருப்பா" என்று அவன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். எந்தக் கையை எதிர்த்து அவன் இத்தனை பாடு பட்டானோ, அந்தக் கை. அதன் முன்னாலேயே சந்தனத்தைத் துடைக்க முடியுமா? ஜெயம்மா தூரத்திலிருந்து கண்ணாலேயே, துடைக்க வேண்டாம் என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

கம்மல் இரண்டையும் மஞ்சள் துணியில் முடிந்து அடியில் கட்டினான். ஏரிக்கரை ஓரம் வைத்து, பந்தலில் பத்தர் உட்கார்ந்திருந்த பாய்க்கு ஓட்டிவந்து இறக்குவதாகத் திட்டம். மைக்கில் யாரோ, "தாய்மாமன் சீர் வான வழியாக வந்துகொண்டிருக்கிறது" என்று அறிவித்தே விட்டார்கள். செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன. எல்லப்பன் குச்சியைத் தள்ளினான்.

எழும்பியது. கூட்டம் ஓவென்று கத்தியது. அடுத்த கணம் சந்தனம் நாலாபக்கமும் தெறித்தது. செந்தமிழனின் வெள்ளைச் சட்டை பாழ். மைக் பிடித்தவன் கண்ணில் குங்குமம். ஒரு இறக்கையில் சந்தனம் பாதி ஒட்டியும் பாதி பறந்தும், ஹெலிகாப்டர் காய்ச்சல் வந்த ஆள் மாதிரி வெடவெடவென்று உதற ஆரம்பித்தது. பக்கவாட்டில் சாய்ந்து, கூட்டத்தின் தலைக்கு மேலே, பிள்ளைகள் நின்ற பக்கமே இறங்கி வந்தது.

அங்கே விரலை எடுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. ஆனால் எல்லப்பன் வாழ்நாளில் சரிகிற பாரத்தைக் கைவிட்டவன் இல்லை. கீழே ஆள் நிற்கும்போது சரிந்தால் இறுக்கிப் பிடி, மேலே தள்ளு. அவன் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கை தானாக இறுகியது. குச்சியை அந்தம் வரைக்கும் மேலே தள்ளினான்.

ஹெலிகாப்டர் பிள்ளைகள் தலையைத் தொடாமல் ஜிவ்வென்று ஏறியது. வேப்பமரத்துக்கு மேலே போனது. அங்கே ஏரிக்காற்று காத்துக்கொண்டிருந்தது போல அதை வாங்கிக்கொண்டது. எல்லப்பன் கரையில் ஓடினான். குச்சியை இழுத்தான், திருப்பினான், "வாடா, வாடா" என்று கெஞ்சினான். சிவப்புப் புள்ளி நடு ஏரிக்கு மேலே ஒரு முறை நின்றது. பிறகு கல் மாதிரி விழுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை.

 மைக் செட்டின் கொய்ங் என்ற இரைச்சல் மட்டும் கேட்டது. நாலைந்து பேர் தண்ணீரில் குதித்து முங்கி முங்கிப் பார்த்தார்கள். நடு ஏரி, இரண்டு ஆள் ஆழம், அடியெல்லாம் சேறு. வெறுங்கையோடு கரையேறினார்கள்.

"கம்மல் அதுலயா கட்டியிருந்த?" என்று கோபால் கேட்டான். நம்ப முடியாத குரல்.

எல்லப்பனால் தலையை மட்டும் அசைக்க முடிந்தது. ரிமோட் இன்னும் கையில் இருந்தது. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜெயம்மா வந்து அதை அவன் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

பத்தர் தொண்டையைக் கனைத்தார். "நேரம் போவுதும்மா. எமகண்டம் வந்துடும்."

சிட்டம்மாளின் முகம் வெளுத்திருந்தது. அவள் சந்தனக் கையைப் பார்த்துக்கொண்டாள், ஏரியைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, தன் சந்தனத்தால் வந்ததையும் அம்மன் காட்டிய சகுனம் என்றே முடிவுக்கு வந்தாள். "இதுக்குத்தான் சொன்னேன். அந்த அம்மாவே காட்டிட்டா. செந்தமிழா, நீ ஒக்காருப்பா. கம்மல் வெச்சிகீறியா?"

செந்தமிழன் தயங்கினான். பிறகு மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சிவப்பு டப்பாவை எடுத்தான். முன்னமே வாங்கி வைத்திருக்கிறான்! எல்லப்பனுக்கு அது ஏரியில் விழுந்ததைவிடப் பெரிய அடி. ஆக, எல்லாம் பேசி முடித்துத்தான் வந்திருக்கிறார்கள். அவன் ஆகாயத்தில் வந்தாலும் பாதாளத்தில் வந்தாலும் இதுதான் நடந்திருக்கும். செந்தமிழன் சந்தனக் கறைச் சட்டையோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

எல்லப்பன் திரும்பி நடந்தான். செருப்பு எங்கே விட்டோம் என்று தேடினான். கண் மறைத்தது, செருப்பு தெரியவில்லை.

"ண்ணா. நில்லு."

திலகா. காலையிலிருந்து விருந்தாளிகளுக்கு நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் ஓடிக்கொண்டிருந்தவள். அவள் பந்தல் நடுவில் நின்றுகொண்டு, சபை முழுக்கப் பார்க்க, தன் காதிலிருந்த கம்மலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு காது. அடுத்த காது. திருகாணி இறுகிப்போயிருந்தது போல, முகத்தைச் சுளித்துக்கொண்டு திருகினாள்.

"ஏய், இன்னா பண்ற?" என்றான் கோபால்.

"இது எங்கண்ணன் போட்ட கம்மல். அப்பா அம்மா இல்லாத என்ன, அவந்தான் மூட்ட தூக்கிக் கட்டிக்குடுத்தான். இது மாமன் வூட்டு நகதான்." பத்தரிடம் நீட்டினாள். "இத போடுங்க. தம்பி செந்தமிழா, எழுந்துக்கப்பா. உன்மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. அது உன் எடமில்ல."

செந்தமிழன் எழுந்துவிட்டான். அவனுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"திலகா, பெரியவ சொல்றது..." என்று சிட்டம்மாள் ஆரம்பித்தாள்.

"எனக்கு அம்மா மடி ஞாபகம் இல்லத்தே. ஜொரம் வந்தா அவன் மடிலதான் படுத்துக் கெடந்தேன். நான் நல்லாத்தான கீறேன்? புள்ள பெத்தேன் இல்ல?" குரல் அங்கே உடைந்தது. "அந்த மடிக்கு இன்னா கொற கண்டீங்க?"

சிட்டம்மாள் முந்தானையால் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெயம்மாதான் எல்லப்பனைத் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து பாயில் உட்கார வைத்தாள். அனுஷா வந்து மடியில் ஏறினாள். மொட்டைத் தலை அவன் தாடையில் இடித்தது. "மாமா, ஹெலிகாப்டர் தண்ணி குடிக்கப் போச்சா?" என்று கேட்டாள். அவன் அந்த மொட்டைத் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"வெறுங்கையோட வந்திருந்தாலும் உன்னத்தாண்ணா ஒக்கார வெச்சிருப்பேன்" என்று திலகா தணிந்த குரலில் சொன்னாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கேட்கவில்லை. ஊர் பேச்சைக் கேட்டான், கடைக்காரியிடம் கேட்டான், பெண்டாட்டியிடம் கேட்டான். தங்கச்சியைக் கேட்கத் தோன்றவே இல்லை. 

பத்தர் காது மடலைப் பிடித்தார். பிள்ளை பயந்து நெளிந்தது. எல்லப்பன் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். எதிரே திலகா கையை உயர்த்தி வேப்பங்கிளையில் இரண்டு ஈர்க்குச்சி உடைத்தாள். இலையை உருவிப் போட்டுவிட்டு, ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க, ஒன்றை இந்தக் காதிலும் ஒன்றை அந்தக் காதிலும் செருகிக்கொண்டாள். புகுந்த வீட்டு ஜனம் அத்தனை பேர் நடுவில், சொந்த மகளின் விசேஷத்தில், பட்டுப் புடவையும் காதில் குச்சியுமாக நின்றாள். அந்தக் கோலத்தில் அவளை நிறுத்தியது தான்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னப் பாக்காதண்ணா" என்றாள் திலகா. "புள்ளைய இறுக்கிப் புடி."

ஊசி இறங்கியது. அனுஷா வீரிட்டாள். அவளை மிஞ்சிக்கொண்டு இன்னொரு ஓலம் கிளம்பியது. பந்தலே திடுக்கிட்டுத் திரும்பியது. ஆறடி ஆள், மூட்டை தூக்குகிறவன், பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். யாரோ சிரித்துவிட்டார்கள். "இன்னாய்யா, ஊசி உனக்கா புள்ளைக்கா?" என்று கேட்டார்கள்.

அழுகையை நிறுத்திவிட்டு மாமனையே பார்த்துக்கொண்டிருந்த அனுஷா, இன்னொரு காதைத் தானே பத்தரிடம் திருப்பிக் காட்டினாள்.